நானாவின் கூரையும் எனது பாடமும்

நானா ஒட்டாவாவில் பழைய வீடொன்றை வாங்கிய முதல் ஜனவரியில் ஒரு படம் அனுப்பினார். கூரை விளிம்பு நெடுக ஐஸ் ஈட்டிகள். பீலி முழுக்க உறைந்து கண்ணாடி போல் இருந்தது. "மாஷா அல்லாஹ், என்ன வடிவு!" என்றார் உம்மா.

இரண்டு நாளில் அடுத்த படம் வந்தது. சாப்பாட்டு அறை சீலிங்கில் பெரிய ஈரக் கறை. பிறகு வீடியோ கோல். நானா வழுக்கும் ஏணியில் நின்று கைக்கோடரியால் ஐஸைக் கொத்திக்கொண்டிருந்தார். உம்மா இங்கிருந்து கத்தினார்: "எறங்கு மகன்! வீடு போனா போகட்டும்."

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற துணிச்சலில் நான் சொன்னேன்: "உள்ளுக்கு ஹீட்டரைக் கூட்டுங்க நானா, உருகிரும்."

கூட்டினார். ஒழுக்கும் கூடியது.

பிறகுதான் உட்கார்ந்து வாசித்தேன். வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று, சீலிங்கிலுள்ள சிறு இடைவெளிகளால் மேலேறி கூரையின் அடிப்பக்கத்தைச் சூடாக்குகிறது. மேலே கிடக்கும் பனி அடியிலிருந்து உருகி, நீர் கீழே வழிகிறது. விளிம்பு மட்டும் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே சூடில்லை. நீர் அங்கு வந்து உறைகிறது. அது அணைக்கட்டுப் போல உயர, பின்னால் வரும் நீர் தேங்கி, கூரைத் தகடுகளுக்கு அடியால் வீட்டுக்குள் இறங்குகிறது. வருடா வருடம் நான் கரும்பலகையில் எழுதும் அதே மேற்காவுகைதான்.

ஐஸ் இருந்தது விளிம்பில். காரணம் இருந்தது வீட்டுக்குள்.

அடுத்த குளிருக்கு முன்பே நானா வேலையைத் தொடங்கினார். மேப்பிள் இலை நிறைந்திருந்த பீலியைத் துப்புரவாக்கினார். டெங்குக்குப் பயந்து நாங்கள் இங்கே செய்யும் அதே வேலை. குளியலறை ஃபேன் ஈரச் சூட்டைக் கூரைக்கு அடியிலேயே விட்டுக்கொண்டிருந்தது. அதன் குழாயை வெளியே எடுத்தார். லைட் பொருத்திய ஓட்டைகளையும், மேலே ஏறும் மூடியின் ஓரங்களையும் அடைத்தார். அதன் பிறகே சீலிங்குக்கு மேல் இன்சுலேஷனைத் தடிப்பாகப் போட்டார். கூரை விளிம்பின் கீழுள்ள காற்றுத் துளைகளை அது மூடாமல் பார்த்துக்கொண்டார். குளிர்காற்று அதனால் புகுந்து முகட்டால் வெளியேறினால்தான் கூரை முழுவதும் ஒரே குளிரில் இருக்கும். பனி அதிகம் விழுந்தால் நிலத்தில் நின்றபடியே நீளக் கைபிடியுள்ள வாரியால் இழுத்துவிடுகிறார். கோடரி இல்லை. ஏணியும் இல்லை.

போன ஜனவரியில் வந்த படத்தில் கூரை முழுக்க வெள்ளைப் பனி, உருகாமல் அப்படியே கிடந்தது. பீலியில் ஓரிரு சிறிய ஈட்டிகள் மட்டும். பக்கத்து வீட்டில் பனி திட்டுத் திட்டாக உருகி, விளிம்பில் ஈட்டிகள் தொங்கின.

"பனி அப்பிடியே கிடக்குதே மகன், கூரைக்கு ஒண்டும் ஆகாதா?" என்றார் உம்மா.

"அது உருகாம கிடக்கிறதுதான் நல்லம் உம்மா" என்றார் நானா.

இப்போது மேற்காவுகைப் பாடத்தில் அந்தக் கூரையைத்தான் வரைகிறேன். நான் சொன்ன பிழையான விடையையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்கிறேன். நன்றாகச் சிரிக்கிறார்கள். ஆனால் பாடம் மறப்பதில்லை.