நீ எந்தக் கட்சி?

விளையாட்டில் எதிரெதிரே நிற்கும் இரு சாராரையும் ‘கட்சி’ என்றே நம் ஊர்ப் பிள்ளைகள் அழைப்பார்கள். “நீ எந்தக் கட்சி?” என்று என்னை முதன்முதலில் கேட்டவன், கும்பகோணத்தில் எங்கள் தெருவில் பந்துக்குச் சொந்தக்காரனாக இருந்த பையன். ஐம்பது வயதைத் தாண்டிய பின்னர், 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஐதராபாத் நகரத்து வாக்குச்சாவடி ஒன்றின் வாசலில் அதே கேள்வி மறுபடியும் என்னிடம் கேட்கப்பட்டது. அந்தக் கதையைத்தான் நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இடையில் கால்பந்து சற்று அதிகமாகவே வரும், பொறுத்தருள வேண்டும்.

பிழைப்பை நாடி நான் இவ்வூருக்கு வந்தது 2008இல். எர்ரகட்டாவில் வாடகை வீடு. குழந்தை பிறந்ததும் பள்ளி சென்றதும் இங்கேதான். ஆயினும் வாக்கு மட்டும் கும்பகோணத்திலேயே இருந்தது. தேர்தல் வந்தால் இரயிலில் இடம் கிடைத்தால் போவேன். கிடைக்காவிட்டால் தொலைக்காட்சியில் முடிவைப் பார்ப்பேன். ஊரில் வாக்கு இருப்பது ஊரில் ஒரு கால் ஊன்றியிருப்பது போன்றது என்பது எங்கள் அண்ணனுடைய சித்தாந்தம். நானும் அதை மறுத்ததில்லை. இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பேர் என்னைப் போன்றவர்களே என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இந்த ஊரை என் ஊர் என்று முதன்முதலில் என்னைச் சொல்லவைத்தது, உண்மையைச் சொன்னால், ஒரு பந்துதான். 2019இல் ஐதராபாத் எஃப்.சி. என்ற அணி இந்தியன் சூப்பர் லீக் போட்டிக்குள் வந்தது. நோய்த்தொற்றுக் காலமாகையால் இரண்டு பருவங்கள் எல்லா ஆட்டங்களும் கோவாவிலேயே நடைபெற்றன. 2022 மார்ச் 20ஆம் நாள் இறுதியாட்டம். கேரள அணி ஒரு கோல் முன்னிலையில் நிற்கிறது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களே இருக்கும்போது சாஹில் தவோரா வெகு தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் புகுந்தது. பின்பு பெனால்டியில் லட்சுமிகாந்த் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார். கோப்பை ஐதராபாத்துக்கு! பத்து வயது மகள் நாற்காலி மீது ஏறிக் கத்தினாள், நானும் கத்தினேன். அந்த ஆண்டே அவளுக்கு மஞ்சள் கழுத்துத் துணி ஒன்று வாங்கி, எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு, கச்சிபௌலி மைதானத்துக்குப் போகத் தொடங்கினோம்.

கால்பந்து இவ்வூருக்குப் புதிதன்று. இந்தியா 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றதும், 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்றதும் ஐதராபாத்காரரான பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் கையால்தான். அந்தத் தங்க அணியின் கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ் ஐதராபாத்திலே பிறந்தவர். முன்னணி ஆட்டக்காரர் துளசிதாஸ் பலராமன் செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2023 பிப்ரவரியில் மறைந்தார். நம்மவர் ஒருவர் இம்மண்ணில் ஓடித் திரிந்து இந்தியாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரானார் என்பதை மகளிடம் சொன்னபோது, “அவருக்கு வாக்கு எந்த ஊரில் இருந்தது?” என்று கேட்டாள். அப்போது சிரித்துவிட்டேன்.

பிறகு வந்தது வீழ்ச்சி. 2022–23இல் 42 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பெற்ற அணி, மறு ஆண்டே 22 ஆட்டங்களில் 8 புள்ளிகளோடு கடைசி இடத்துக்கு இறங்கிற்று. ஊதியம் நிலுவையாய்ப் போனதால் புகழ்பெற்ற வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். இளைஞர்களைக் கொண்டே ஆட வேண்டியதாயிற்று. அப்பருவம் முழுவதிலும் கிட்டிய ஒரே வெற்றி எங்கே தெரியுமா? சென்னையில், சென்னை அணியை எதிர்த்து, 1–0! துள்ளிக் குதித்தேன், உடனே அண்ணனுக்குத் தெரியக்கூடாதே என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன். 2024–25இலும் நிலை பெரிதாகத் திருந்தவில்லை. பதின்மூன்று அணிகளில் பன்னிரண்டாம் இடம்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாம் பருவத்தில் நான் மைதானத்துக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. தோற்கும் அணியைப் பார்க்கப் பெட்ரோல் செலவு எதற்கு என்று மகளைத் தட்டிக் கழித்தேன். வெல்லும்போது ‘நம் அணி’, தோற்கும்போது ‘அவர்கள் அணி’. என் போன்றவர்களுக்கு அபிமானி என்ற பெயர் சற்று அதிகம்தான்.

இதற்கிடையே 2025 ஜூன் 8ஆம் நாள் எங்கள் ஜூபிலி ஹில்ஸ் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் மாகண்டி கோபிநாத் காலமானார். தொகுதியின் பெயரைக் கேட்டு மாளிகைகளை எண்ண வேண்டாம். யூசுஃப்குடா, போரபண்டா, ரஹ்மத் நகர், எர்ரகட்டா எனப் பெரும்பாலும் உழைப்பவர்கள் குடியிருக்கும் இடம். இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தி நிரப்ப வேண்டும் என்பது பொதுவிதி. எங்கள் தெருவில் மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் விருந்தாளியாக வரும். அதற்காக நான் ஏறி இறங்கிய படிகளை இங்கே எழுதப் போவதில்லை. “பந்துக்காகக் கத்தத் தெரிகிறது, சாக்கடைக்காக ஒரு வாக்குப் போடத் தெரியவில்லையே!” என்றாள் என் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே இடமாற்றத்துக்குரிய எட்டாம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பின்பு, “அப்பா பெயர் போயிற்று, அம்மா பெயர் போயிற்று, இப்போது நீயே உன் பெயரை அடித்துவிட்டாயா தம்பி?” என்றார். சாக்கடையைப் பற்றிச் சொன்னேன். “சாக்கடை எந்த ஊரில்தான் இல்லை?” என்றார். இரண்டு மாதம் அவராக என்னைக் கூப்பிடவில்லை.

அக்டோபரில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது, எங்கள் கால்பந்து அணி டெல்லிக்குப் போய்விட்டது. பெயரும் ‘ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி’ என்று மாறிவிட்டது. மகள் செய்தித்தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். “போவதற்கு முன்னால் நம்மைக் கேட்டார்களா, அப்பா?” யார் கேட்பார்கள்? உடைமை அவர்களுடையது, கூச்சல்தான் நம்முடையது. கேட்டிருந்தாலும், ஓராண்டாக மைதானத்துப் பக்கமே போகாத நான் என்ன சொல்லியிருப்பேன்?

இரண்டாவது, இடைத்தேர்தல் நவம்பர் 11 என்ற அறிவிப்பு. அதன் பிறகு எங்கள் தெரு கண்ட மரியாதை சொல்லி முடியாது. அமைச்சர்கள் சந்து சந்தாக வந்தார்கள். எதிர்க்கட்சியான பி.ஆர்.எஸ். மறைந்தவரின் மனைவி சுனிதாவை நிறுத்திற்று. ஆளும் காங்கிரஸ் நவீன் யாதவை நிறுத்திற்று. பாரதிய ஜனதாவுக்கு தீபக் ரெட்டி. 2023இல் இதே தொகுதியில் 16,337 வாக்குகளில் தோற்ற கிரிக்கெட் வீரர் அசாருதீன், வாக்குப் பதிவுக்குப் பதினொரு நாள் முன்னதாக அமைச்சராகப் பதவியேற்றார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கோல் கம்பத்தை நகர்த்துவது கால்பந்தில் இல்லை. அரசியலில் அதற்கு வேறு பெயர்கள் உண்டு.

அணியின் போக்கைக் கணிக்கிற பழக்கம் எனக்கு இருப்பதால், கட்சிகளின் போக்கையும் கணித்தேன். 2023 பொதுத் தேர்தலில் ஐதராபாத் மாவட்டத்தின் பதினைந்து தொகுதிகளில் ஒன்றில்கூட காங்கிரஸ் வெல்லவில்லை. ஆனால் 2024 மே மாதம் செகந்தராபாத் கன்டோன்மென்ட் இடைத்தேர்தலில் அதே கட்சி வென்றது. வென்ற ஸ்ரீகணேஷ் சென்ற முறை அங்கேயே பாரதிய ஜனதாவின் சார்பில் நின்றவர். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து கோல் அடித்தவரைக் கால்பந்து ரசிகன் எப்படிக் குறை கூறுவான்? எனக்கு அது ரசிக்கவில்லை. ஆட்டக்காரன் கட்சி மாறினால் போவது ஒரு பருவம். உறுப்பினர் கட்சி மாறினால் போவது நம் ஐந்தாண்டு. மேலும், இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிக்கு வாக்களித்தால்தான் தெருவில் வேலை நடக்கும் என்ற வாதத்தை மூன்று பேர் என் வாசலிலேயே நின்று சொன்னார்கள். அந்த வாதம் எனக்குக் கோபத்தையே மூட்டிற்று. எந்தப் பக்கத்துக்கு வாக்களித்தாலும் சாக்கடை ஒரே பக்கமாகத்தானே ஓடுகிறது?

வாக்குப் பதிவன்று காலை சற்றே குளிர். கையில் கிடைத்த துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போய்விட்டேன். வாசலில் நின்ற காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஏ பார்ட்டி சார்?” என்றார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன்; மஞ்சள் துணி! இவ்வூரில் மஞ்சள் தெலுங்கு தேசத்தின் நிறம். மறைந்த கோபிநாத் 2014இல் முதன்முதல் வென்றதும் அக்கட்சியின் சார்பில்தான். இம்முறை அது போட்டியிடவே இல்லை. காவலருக்குக் குழப்பம், எனக்கு வெட்கம். “இது கால்பந்துக் கட்சி ஐயா, இப்போது ஊரில் இல்லை” என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் விளக்கினேன். அவர் சிரித்தார், ஆனாலும் கழற்றச் சொல்லிவிட்டார். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். வரிசை நீளமாக இல்லை. தொகுதியில் வாக்களித்தவர்கள் மொத்தத்தில் பாதிப் பேர்கூட இல்லை, சுமார் 48 சதவீதமே என்று பின்னர் அறிந்தேன்.

14ஆம் நாள் முடிவு வந்தது. நவீன் யாதவ் 24,729 வாக்குகள் அதிகம் பெற்று வென்றார். நான் யாருக்கு வாக்களித்தேன் என்பதை மனைவியிடமும் சொல்லவில்லை. அன்று மாலை அண்ணனே கூப்பிட்டார். தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. வீட்டுக்குப் படிவம் கொண்டுவந்தவரிடம், தம்பி ஐதராபாத்தில் இருக்கிறான் என்று தாமே சொன்னாராம். பிறகு, “உன் ஆள் ஜெயித்தாரா?” என்று கேட்டார்.

“அதை விடுங்கள் அண்ணா, சாக்கடையைக் கேளுங்கள்” என்றேன்.

மகள் இப்பொழுது அந்த மஞ்சள் துணியைக் கொண்டுதான் சைக்கிளைத் துடைக்கிறாள். என்னுடையதைக் கேட்டாள், கொடுக்கவில்லை.