தேய்ந்த கல்லும் தேய்த்த பந்தும்

செம்பாக்கத்திலிருந்து சென்ற ஞாயிறன்று பேசிய அத்தானிடம், பௌலிங் பந்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொன்ன மாத்திரத்தில், "உப்புத்தாள் போட்டா மாப்ளே? அதுக்குத்தானே 2018-ல கேப் டவுன்ல ஆஸ்திரேலியாக்காரங்க மாட்டினாங்க, ஸ்மித்தை ஒரு வருஷம் உட்கார வெச்சாங்க!" என்று பரிகாசம் செய்தார். அவர் அறிந்த பௌலிங் கிரிக்கெட். நான் சொன்னதோ, எண்ணெய் பூசிய தளத்தில் 60 அடிக்கு அப்பால் நிற்கும் 10 கட்டைகளை நோக்கி உருட்டும், ஏறக்குறைய 7 கிலோ கனமுள்ள குண்டு. ஆட்டம் தொடங்கியபின் அதைத் தேய்க்கலாகாது என்பது இங்கும் விதிதான்.

1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் என்னும் பிசினாலான மேலோடு எண்ணெயை உறிஞ்சும்; உருண்டு உருண்டு அது வழவழப்பானால், பந்து திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் சறுக்கிப் போகும். ஆகவே பின்லாந்திலிருந்து வரும் அப்ரலான் என்னும் வட்டப் பட்டையை நனைத்து, முதலில் 500, பிறகு 1000, பிறகு 2000 என்று எண் ஏற ஏறச் சொரசொரப்புக் குறையும் வரிசையில், பந்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பி, ஒரே அழுத்தத்தில் தேய்க்க வேண்டும்; விரலிடுக்கில் கரைந்து வடியும் சேறுதான் வேலை நடக்கிறது என்பதற்குச் சாட்சி.

நான் இருக்கும் இந்த அயல்தேசத்தில் என்னை வசீகரித்தது இதுவே: எங்கள் குழுவில் டாக்டரும் லாரி ஓட்டுகிறவரும் அவரவர் கார் கொட்டகைத் தரையில் சம்மணமிட்டு, அவரவர் பந்தை அவரவரே தேய்க்கிறார்கள், கை அழுக்காவதால் யாருடைய கௌரவமும் குறைவதில்லை. நம்மிடையே அழுக்காகும் வேலைக்கென்று ஒரு ஜாதியை ஒதுக்கி வைத்த பாவத்தை நினைக்கும்போது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

ஆயினும், வழுக்குவதைப் பற்றச் செய்யும் வித்தையை இவர்கள்தாம் கண்டார்கள் என்று எவரேனும் சொன்னால் நான் சம்மதியேன். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று எங்கள் தெருவில் கூவி வந்தவர், முருங்கை நிழலில் குந்தி, உளியால் புள்ளி புள்ளியாக வரிசை பிசகாமல் கொத்தி, புருவமெல்லாம் கல்தூசி படிய, இடையிடையே கட்டைவிரலைக் கல்மேல் ஓட்டிப் பார்ப்பார். 500, 1000 எல்லாம் அவருக்கு அந்த விரலில் இருந்தன. கடைசியில் ஒரு பிடி அரிசியை அரைத்துக் கொட்டச் சொல்லிவிட்டுத்தான் எழுவார். 1863-இல் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். கல்லைக் கையால் அறிவது அந்த மண்ணுக்கு நேற்றைய பழக்கமன்று.

அவரிடம் எட்டணாவுக்குப் பேரம் பேசிய குடும்பம் எங்களுடையது. கூலிக்கு அவர் செய்தபோது வேலையாகத் தெரிந்தது, டாக்டர் செய்யும்போது வித்தையாகத் தெரிகிறதே, அந்தக் கோணல் கண் யாருடையது?

அன்று அத்தானிடமிருந்து அக்காள் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "வரும்போது அந்த நம்பர் போட்டது ரெண்டு கொண்டு வாடா, அம்மி வழுக்குது, கொத்த ஆளே வர்றதில்லை."

அது அம்மிக்கு ஆகாது, உளிதான் வேண்டும் என்றேன்.

"அப்ப நீயே வந்து கொத்தேன்" என்றாள். ஈரப் பட்டையைப் பிடித்திருந்த என் கை, உளியை ஒருநாளும் தொட்டதில்லை.