கிணறு எந்தப் பக்கம்?

2009-ல் போர் முடிந்ததும், வடபகுதி வளர்ச்சித் திட்டத்துக்கு 'வடக்கின் வசந்தம்' என்று பெயர் வைத்தது இலங்கை அரசு. ஆனால், கும்மிடிப்பூண்டி முகாமில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவிடம் அந்த வசந்தம் செல்லுபடி ஆகவே இல்லை.

நான் சோழவரத்துக்காரன். அவருடைய மகனும் நானும் ஒன்றாகப் பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள். அம்மாவுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கும் மயிலிட்டி. 1990 ஜூனில் சண்டை மூண்டபோது ஊரே காலியானது. பிறகு, பலாலி ராணுவத் தளத்தைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் மயிலிட்டி போய்விட்டது.

2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் ஓடியது. ஆசையாகப் போய்ச் சொன்னேன். "றெயில் வாறது நல்லதுதான் தம்பி. எங்கட கிணறு கம்பிக்கு இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ? அதைச் சொல்லு" என்றார்.

"அம்மாவுக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்று மகன் அலுத்துக்கொள்வார். திரும்பிப் போய்விட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. அம்மாவோ ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அசையவில்லை.

அந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. கடைசிக்கட்டப் போரில் பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்பதே தங்கள் கொள்கை என்றது அரசு. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது 2011-ல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. 2012 செப்டம்பரில் மெனிக் ஃபார்ம் முகாமை மூடி, எல்லோரையும் குடியமர்த்திவிட்டோம் என்றார்கள். கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்களை இறக்கிவிட்டதோ சீனியாமோட்டையில். அவர்கள் ஊரில் ராணுவம் இருந்தது. 2013-ல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை அரசே எடுத்துக்கொள்ளப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த வருஷம்தான் அந்த ரயில் வந்தது.

ரயில் பொய்யில்லை, போட்ட ரோடும் பொய்யில்லை. கட்டியதை மட்டும் எண்ணிக் காட்டுவார்கள். திருப்பித் தராததை எண்ண மாட்டார்கள். அதை எண்ணுகிற வேலையைத்தான் இந்த அம்மா செய்தார்.

அங்கேயும் அப்படி எண்ணியவர்கள் இருந்தார்கள். 2017 ஜனவரி கடைசியில், கேப்பாப்புலவைச் சேர்ந்த பிலவுக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாம் வாசலில் உட்கார்ந்தார்கள். குழந்தைகளோடு இரவும் பகலும் ஒரு மாதம். மார்ச் 1-ஆம் தேதி அந்த நிலம் கைக்கு வந்தது.

அதே ஆண்டு ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தையும் விட்டார்கள், 27 வருஷம் கழித்து! மகன் துள்ளிக் குதித்தார். பெட்டி கட்டுகிற அளவுக்குப் பேச்சு போனது. அம்மா மட்டும் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரருக்கு போன் போடச் சொன்னார். போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் அவர் கூப்பிட்டார். துறைமுகம்வரை போக முடிகிறதாம். இவர்கள் காணி இன்னும் கம்பிக்கு உள்ளேதானாம்.

அந்தப் பயணம் நின்றது. கூரையும் காணியும் இல்லாத ஊரில் பேரப்பிள்ளைகளோடு போய் இறங்காமல் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தச் சந்தேகம்தான்.

இப்போதெல்லாம் எந்த நல்ல அறிவிப்பு வந்தாலும், நானும் முதலில் கிணற்றைத்தான் தேடுகிறேன்.