பாட்டி பார்த்த குஸ்தி

குஸ்தியைப் பற்றி ஓர் ஆசிரியை எழுதுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். என்னை எழுத வைத்தது எங்கள் பள்ளி நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் காறை எலும்பு.

ஓய்வு வேளை முடிந்து மணி அடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. வகுப்பின் பின்புறத்தில் மேசைகளை ஒதுக்கி, நான்கு பேர் நான்கு மூலையில் தூண்களாக நிற்க, ஒருவன் தன் கூட்டாளியைத் தோளுக்கு மேல் தூக்கிச் சிமெண்டுத் தரையில் போட்டிருக்கிறான். விழுந்தவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எலும்பு முறிவு. அன்று மாலையே பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களான இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. அடிபட்டவனின் தகப்பனார் பள்ளிக்கு வந்து, "அந்தப் பயலை வேற பள்ளிக்கு மாத்துங்க டீச்சர்" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

தலைமையாசிரியர் என்னை அழைத்தார். "திங்கட்கிழமை சபைகூடலில் நீங்கள் பேசுங்கள். அதெல்லாம் வெறும் பொய்ச் சண்டை என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லிவிடுங்கள், போதும்" என்றார்.

அன்றிரவு உட்கார்ந்து எழுதினேன். 'பொய்' என்ற சொல்லைத் தாண்டிப் பேனா நகரவில்லை. காரணம், 1991-இல் எங்கள் லயத்தில் அந்தச் சொல்லைச் சொன்ன என் சித்தப்பா பட்ட பாடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் தண்டல் வீட்டில் மட்டும்தான் வீடியோ இருந்தது. டவுனிலிருந்து வாடகைக்குக் கொண்டுவரும் அமெரிக்க மல்யுத்தக் கேசட்டுகள் பல மாதங்கள் பழையவை. அதனால் என்ன, எங்களுக்கு அது புதியதுதான். ஆண்கள் பெஞ்சிலே, பெண்கள் தரையிலே, பிள்ளைகள் படலுக்கு வெளியே. தோட்டத்து மின்சார இயந்திரம் பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குள் சண்டை முடியவேண்டுமே என்று எல்லாருடைய கண்ணும் பாதி திரையிலும் பாதி சுவர்க் கடிகாரத்திலும் இருக்கும். படிப்பு வாசனையுள்ள என் அண்ணன்தான் மொழிபெயர்ப்பாளர். அவன் சொன்னதில் பாதி அவனே கட்டியது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

பாட்டிக்கு இந்தக் குஸ்தி மோகம் தாத்தாவிடமிருந்து வந்தது. கிங்காங், தாராசிங் என்று தாத்தா ஓயாமல் சொல்வாராம். 1947-இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்கு வந்த தாராசிங், பின்னாளில் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமாராக வந்தபோது, "உங்க தாத்தா கும்பிட்ட ஆளுடி இவரு" என்றார் பாட்டி. 2012-இல் தாராசிங் மறைந்த செய்தியைக் கேட்கப் பாட்டி இல்லை.

ஆனால் அமெரிக்கக் குஸ்தியில் பாட்டி எந்தப் பயில்வானின் கட்சியும் இல்லை. அவர் எலிசபெத்தின் கட்சி.

யார் இந்த எலிசபெத்? 'மாச்சோ மேன்' ராண்டி சாவேஜ் என்ற வீரரோடு மேடைக்கு வரும் பெண். 1985-லிருந்து அவருடைய மேலாளர் என்ற பெயரில் வந்தார். மேலாளராவது! அவர் கயிற்றைத் தூக்கிப் பிடிப்பார், சாவேஜ் உள்ளே நுழைவார். சாவேஜ் தோற்றால் இந்த அம்மாள் திட்டு வாங்குவார். 1989-இல் ஹல்க் ஹோகன் அவளைக் கண்வைத்துவிட்டான் என்று சாவேஜ் சந்தேகப்பட்டு, நட்பு முறிந்து, இருவரும் மோதினார்கள். ஆண்கள் பெஞ்சில் யார் பலசாலி என்று வாதம் நடக்கும். தரையில் பெண்கள் பேசியது வேறு. "அந்த ஆளு கண்ணைப் பாரு. நம்ம லயத்துல ரெண்டு பேரு இப்படி இருக்கான்" என்பார் பாட்டி. அந்த இரண்டு பேரில் ஒருவர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். அம்மா பாட்டியின் முழங்கையை இடிப்பார்.

பிறகு வந்தது 1991 மார்ச் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த சண்டையின் கேசட். தோற்பவன் தொழிலை விட்டு விலக வேண்டும் என்பது நிபந்தனை. சாவேஜ் 'அல்டிமேட் வாரியர்' என்பவரிடம் தோற்றுப்போனார். அப்போது அவரோடு இருந்த ஷெரி என்ற பெண், விழுந்து கிடந்தவரை உதைத்தாள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எலிசபெத் ஓடிவந்து, ஷெரியின் தலைமுடியைப் பிடித்து வெளியே தள்ளினார். அங்கே அமெரிக்க ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைக் காட்டினார்கள். இங்கே தண்டல் வீட்டில் துண்டு முனைகள் நனைந்தன. கடைசியில் இருவரும் மேடையை விட்டு இறங்கும்போது பாட்டி எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தியா! பாத்தியா!" என்கிறார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "இத்தனை வருசமா அவதானே கயித்தைப் பிடிச்சா. இன்னிக்கு அவன் பிடிக்கிறான் பாரு!"

ஆம். சாவேஜ்தான் கயிற்றைத் தூக்கிப் பிடித்து அவளுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை ஆங்கிலம் அறியாத பாட்டிக்குத் தெரிந்தது, மொழிபெயர்த்த அண்ணனுக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் நியூயார்க்கில் மேடையிலேயே இருவருக்கும் கல்யாணம். கேசட் வந்த அன்று பாட்டி தலை முழுகிவிட்டு வந்தார் என்றால் நம்புவீர்களா? விருந்தில் எலிசபெத் ஒரு பரிசுப் பெட்டியைத் திறக்க, உள்ளே நாகப்பாம்பு! அந்த நேரம் பார்த்தா தோட்டத்து இயந்திரம் நிற்க வேண்டும்? மறுநாள் மாலை வரை பாட்டி யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா டவுனில் கேட்டுவந்ததைப் போட்டு உடைத்தார். "எல்லாம் பொய், அத்தனையும் முன்கூட்டியே பேசிவைச்சது. இவங்க அழுவுறாங்களே!" சித்தப்பா சொன்னதில் தவறில்லை. 1989-லேயே அந்த நிறுவனம் நியூ ஜெர்சி மாநிலத்தில், இது போட்டியல்ல, கேளிக்கை என்று தானாகவே ஒப்புக்கொண்டது. விளையாட்டுக்குரிய வரியிலிருந்தும் கட்டுப்பாட்டிலிருந்தும் விடுபடத்தான்.

பாட்டி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "அந்தக் காலத்துல நம்ம தோட்டத் திருவிழாவுல கர்ண மோட்சம் ஆடுவாங்க. கர்ணன் சாகுறப்ப மூக்கைச் சிந்தாத பொம்பளை கிடையாது. விடிஞ்சா அதே கர்ணன் பிரட்டுல வந்து பேரு குடுப்பான். அதுக்காக நாங்க அழுதது பொய்யாயிடுமாடா? எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? முப்பது வருசம் காண்டா வாளி தூக்கினவ நான். விழுந்து எந்திரிக்கிறவன் இடுப்பைப் பிடிக்கிறான் பாரு, அதை எவன் பேசிவைச்சான்?"

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பாட்டிக்குத் தெரியாத ஒன்றை நான் ஆசிரியையான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சாவேஜும் எலிசபெத்தும் 1984 டிசம்பரிலேயே உண்மையாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஊரறிய நடந்த மேடைக் கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டு, 1992-இல், உண்மைக் கல்யாணம் முறிந்தது. எலிசபெத் 2003-இல் 42 வயதில் இறந்தார், சாவேஜ் 2011-இல். மேடையில் சேர்ந்ததைப் பொய் என்பதா, வீட்டில் பிரிந்ததை மட்டும் மெய் என்பதா? பாட்டி இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அப்பாவின் கதை வேறு. அவர் ஹோகன் பக்தர். 1987 மார்ச்சில் ஆண்ட்ரே என்ற ராட்சத மனிதரை ஹோகன் தூக்கிப் போட்ட கேசட்டை எத்தனை முறை பார்த்தார் என்று கணக்கில்லை. ஆண்ட்ரே அப்போதே முதுகு நோயாளி, முந்திய ஆண்டுதான் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், அவர் மனம் வைக்காமல் அவரை எவரும் தூக்கியிருக்க முடியாது என்று நான் சொன்னபோது, "அப்ப ஆண்ட்ரேதான் பெரிய மனுசன்" என்று ஏற்றுக்கொண்டார்.

அடுத்து நான் சொன்னதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். இந்த வீரர்களுக்குத் தொழிற்சங்கம் கிடையாது. நிறுவனம் அவர்களைத் தொழிலாளர் என்றே வைத்துக்கொள்வதில்லை, தனி ஒப்பந்தக்காரர்களாம். 1986-இல் ஜெஸ்ஸி வென்சுரா என்ற வீரர் சங்கம் அமைக்கவேண்டும் என்று சக வீரர்களிடம் பேசினார். செய்தி முதலாளிக்கு எட்டிவிட்டது. எட்டவைத்தவர் யார் என்பது, பிற்பாடு வென்சுரா தொடுத்த வழக்கில் அந்த முதலாளியே கொடுத்த வாக்குமூலத்தில் வெளியானது. ஹோகனேதான்.

அப்பா எங்கள் தோட்டத்தில் சங்கக் கிளையின் செயலவையில் பல ஆண்டுகள் இருந்தவர். சந்தாப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லயம் லயமாக நடந்தவர். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரே சொல். "கருங்காலி." 2025 ஜூலையில் ஹோகன் மறைந்த செய்தி வந்தபோது, "நல்ல பயில்வான்தான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, தொலைக்காட்சியையும் அணைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1999 மே 23. அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் இருந்தேன். அமெரிக்காவின் கன்சாஸ் நகர அரங்கில், வானத்திலிருந்து வருவதுபோல் கம்பியில் தொங்கி மேடைக்கு இறங்கவேண்டிய ஓவன் ஹார்ட் என்ற வீரர், கொக்கி விடுபட்டு ஏறக்குறைய 78 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 34. அரங்கத்தில் பலர் அதையும் விளையாட்டின் ஒரு பகுதியென்றே நினைத்தார்களாம். இது கதையல்ல என்று வர்ணனையாளர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நிகழ்ச்சி அத்தோடு நிற்கவுமில்லை, மிச்சச் சண்டைகள் நடந்தன. விடுதியில் என் தோழி ஒருத்தி, "போடி, அடுத்த வாரம் எழுந்து வருவான் பாரு" என்று சிரித்தாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. எல்லாமே பொய் என்று யாரோ அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

சபைகூடலில் எப்படி அந்தச் சொல்லைச் சொல்வேன்?

திங்கட்கிழமைக்கு முன் அடிபட்ட பையனை வீட்டில் போய்ப் பார்த்தேன். கை தூளியில் தொங்கியது. தகப்பனார் வெளியே போயிருந்த நேரம், அவன் மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், அவன் என்னைத் தூக்கலை. அவனால தூக்க முடியாது. நான்தான் எம்பிக் குதிச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம். அவன் கால் வழுக்கிடுச்சு."

ஒன்பது பத்து வயதுப் பையன்களுக்கு, தூக்கப்படுகிறவனும் சேர்ந்து எம்பவேண்டும் என்ற தொழில் இரகசியம் தெரிந்திருக்கிறது! ரோமன் ரெய்ன்ஸா, கோடி ரோட்ஸா என்று கைப்பேசியை வைத்துக்கொண்டு இவர்கள் வாதாடும்போது நான் அதட்டியிருக்கிறேன். ஒருநாளாவது நின்று கேட்டதில்லை.

அவர்களுக்குத் தெரியாததைத்தான் சபைகூடலில் சொன்னேன். அந்த மேடையின் விரிப்புக்குக் கீழே மெத்தை, அதற்குக் கீழே பலகை, அதற்குக் கீழே இரும்புச் சட்டம் இருக்கிறது. மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் தரையில் படும்படி விழுவதற்கே மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். அப்படி விழுந்தும் முதுகு போனவர்கள் உண்டு, உயிர் போனவரும் உண்டு. ஓவன் ஹார்ட்டின் பெயரைச் சொன்னபோது பின்வரிசை ஆறாம் ஆண்டுப் பையன்கள்கூட அசையாமல் நின்றார்கள். தலைமையாசிரியர் முகத்தில் திருப்தி தெரியவில்லை. 'பொய்' என்ற சொல் வரும் என்று காத்திருந்தார் போலும்.

பள்ளி மாற்றும் பேச்சு அடங்கிவிட்டது. மகனே சொன்ன சாட்சியத்தைத் தகப்பனாரால் தட்ட முடியவில்லை. இருந்தாலும் இரண்டு வீட்டுக்கும் இன்னும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. அடிபட்டவன் பள்ளிக்குத் திரும்பிய அன்று, மற்றவன் வாசலிலேயே காத்திருந்து அவனுடைய பையை வாங்கிக்கொண்டான். முன்னே ஒரு பை, முதுகில் ஒரு பை. வகுப்பு வாசலில் என்னைப் பார்த்ததும் இருவரும் நின்றார்கள்.

"டீச்சர், நீங்க சின்னப் பிள்ளையில யாரு கட்சி?"

"எலிசபெத்" என்றேன்.

"அது யாரு டீச்சர்?"

மணி அடித்துவிட்டது. ஓய்வு வேளையில் வரச் சொல்லியிருக்கிறேன்.