மங்கலான இரண்டாவது புள்ளி

அசாகி ஆப்டிகல் செய்த சூப்பர் டக்குமர் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில் இரண்டு விதம் உண்டு. 1964-ல் வந்ததில் எட்டு வில்லைகள்; அடுத்த சில ஆண்டுகளில் அது ஏழானது. முகப்பில் பொறித்த பெயரோ ஒன்றேதான். மஞ்சளடித்திருந்தால் ஏழு என்பார்கள். ஏழு வில்லை லென்ஸில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, நாளாக ஆக அது மஞ்சளாகும் என்பது உண்மைதான். ஆனால் புற ஊதா ஒளியில் வைத்தால் தெளிந்துவிடுமே! அதனால் நிறத்தை நான் நம்புவதில்லை.

அதற்குப் பதில் அறையை இருட்டாக்கி, சின்ன டார்ச்சைக் கண்ணருகே பிடித்து, லென்ஸை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் சாய்வாகப் பார்க்க வேண்டும். காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் ஓர் ஒளிப்புள்ளி காட்டும். டார்ச்சை அசைத்தால் சில புள்ளிகள் கூடவே வரும், சில எதிர்த்திசையில் ஓடும். எது குவிந்தது, எது குழிந்தது என்று அதிலேயே தெரியும். இரண்டு லென்ஸிலும் பளிச்சென்ற புள்ளிகள் பன்னிரண்டுதான். வித்தியாசம் ஒட்டில் இருக்கிறது. எட்டில் மூன்று வில்லைகளைச் சேர்த்து ஒட்டியிருப்பார்கள், ஏழில் இரண்டை. ஒட்டிய இடம் ஒளியை அதிகம் திருப்பாது. புள்ளி மிக மங்கல். எட்டில் அப்படி இரண்டு மங்கல், ஏழில் ஒன்று. அந்த இரண்டாவது மங்கலைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம், படம் எடுக்கும்போதுகூட எனக்குச் சில நாள் கிடைப்பதில்லை.

லென்ஸ் செய்தவர்களுக்கோ இந்தப் புள்ளிகள் பெருந்தொல்லை. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியையாவது திருப்பி அனுப்பிவிடும். பன்னிரண்டு பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். டக்குமருக்கு மூதாதையான பிளானார் லென்ஸை 1896-லேயே ஸைஸ் நிறுவனத்துக்காகப் பால் ருடால்ப் வடிவமைத்தார். அதன் எட்டுப் பரப்புகளும் படத்தை வெளிறச் செய்தன. ஆறே பரப்புள்ள டெஸ்ஸார் 1902-ல் வந்து அதை ஓரங்கட்டியது.

இங்கிலாந்தின் யார்க் நகரில் லென்ஸ் வடிவமைத்துக்கொண்டிருந்த டென்னிஸ் டெய்லர் 1890-களில் ஒன்றைக் கவனித்தார். பல வருடம் புழங்கி, மேற்பரப்பு நிறம் மாறிப்போன லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விட்டன! கெட்டுப்போனது என்று ஒதுக்க வேண்டியதை எடுத்து அளந்து பார்க்க எப்படித் தோன்றியதோ. அந்த மனிதர்மேல் எனக்குத் தீராத பிரியம். காற்றும் ஈரமும் கண்ணாடியை மெல்ல அரித்து உண்டாக்கிய படலம் பிரதிபலிப்பைக் குறைத்திருந்தது. அதையே ரசாயனத்தால் வேண்டுமென்று வரவழைக்க முயன்று, 1904-ல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் எல்லாக் கண்ணாடியிலும் ஒரே சீராக வரவில்லை. 1935-ல் ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மகுலா அத்தகைய படலத்தை வெற்றிடத்தில் பூசும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் பரப்புகளைக் கூட்டும் தைரியம் வந்தது.

பூச்சுக் காலத்துக்கு முந்தைய லென்ஸ் கையில் கிடைத்து, அதில் நீலம் பாய்ந்த படலம் தெரிந்தால் தயவுசெய்து மெருகு போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பூஞ்சை வேறு, அது கிளைகிளையாகப் படரும், அதைத்தான் எடுக்க வேண்டும்.