கணக்குக் கேட்கிறவர்

ஐம்பதைத் தாண்டிய கவிஞர்கள் இரண்டு பேர் சந்தித்தால் எடுத்த எடுப்பில் கவிதை பேசுவதில்லை, சர்க்கரை பேசுகிறார்கள். ‘வெறும் வயித்துல எவ்வளவு?’ ‘140.’ ‘மூணு மாசச் சராசரி?’ ‘அதை மட்டும் கேக்காதீங்க.’ அதற்குப் பிறகுதான் புதிதாக வந்த தொகுப்பைப் பற்றிப் பேச்சு வரும். வராமலும் போகும்.

அந்த மூன்று மாதக் கணக்கு பொல்லாதது. ரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும். முந்தின நாள் பட்டினி கிடந்து பயனில்லை; போன மாதம் கல்யாண வீட்டில் தின்ற ஜாங்கிரி காட்டிக்கொடுத்துவிடும். நான் எழுதும் டைரியில்கூட இவ்வளவு நேர்மை கிடையாது.

வீட்டில் விரலைக் குத்திப் பார்ப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. நுனியில் குத்தினால் சுரீரென்று வலிக்கும். ஓரத்தில் குத்தினால் அவ்வளவாகத் தெரியாது. இடது கை மோதிர விரலோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். பேனா பிடிக்கும் விரல்களுக்கு விலக்கு. இதைச் சொல்லிக்கொடுத்தவர் உறையூரில் இருக்கும் நண்பர். மதுரைக்கு அவரிடமிருந்து ஞாயிறு தவறாமல் போன் வரும். ‘தெப்பக்குளத்தச் சுத்துனீங்களா?’ என்பதுதான் முதல் கேள்வி. ஒரு வரிக்காக விடிய விடியச் சண்டை போட்ட மனுஷன். பேச்சு இப்படி மாத்திரையில் வந்து நிற்கிறதே என்று ஆயாசமாக இருக்கும்.

பிசிராந்தையாரை நினைத்துக்கொள்வேன். பாண்டிய நாட்டுப் பிசிர்க்காரர். இத்தனை வயதாகியும் நரைக்கவில்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றின் 191ஆம் பாட்டு. அதில் மூலிகை இல்லை, பத்தியம் இல்லை. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரில் வாழும் சான்றோர் என்று ஆட்களாகவே அடுக்குகிறார்.

நரைக்காத அந்த உடம்பை அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். உறையூர்ச் சோழன் கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது, அதுவரை முகம் பார்த்தேயிராத அந்த நண்பனுக்காகப் புறப்பட்டுப் போய்த் தானும் வடக்கிருந்தார். உடம்பு நன்றாக இருந்தது. அதை நட்புக்குச் செலவழித்தார்.

நம் காலத்து நட்பு அவ்வளவு கேட்பதில்லை. உறையூர்க்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது, ராத்திரி வராந்தா பெஞ்சில் கிடக்கவும், லிஃப்ட் ஓடாத நேரத்தில் மருந்துச் சீட்டோடு மாடி ஏறி இறங்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. மூச்சு வாங்காமல் ஏறி இறங்கினேன். என் கவிதை அங்கே எதற்கும் உதவவில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றிய கால்தான் உதவியது.

இப்போது அவர் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் அலுத்துக்கொள்வதில்லை. இந்த உடம்பில் அவருக்கும் பங்கு இருக்கிறது. பங்காளி கணக்குக் கேட்டால் சொல்லத்தானே வேண்டும்?