டீசல் டேங்க்கில் பெட்ரோல் விழுந்தால்...

தமிழ்நாட்டை விட புதுச்சேரியில் டீசல் விலை குறைவு. காரணம் வரி வித்தியாசம். அதனால் இந்த வழியாகப் போகிற லாரிகள் பல இங்கேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளும். ஆனால் பங்க்கில் குழாய் மாறி பெட்ரோல் விழுந்துவிட்டால்? மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு ரிப்பேருக்குப் போய்விடும்!

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் அவ்வளவு சுலபமாகப் பற்றாது. வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், இழுக்காது, புகை கக்கும், தட்டல் சத்தம் கேட்கும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்கு டீசல்தான் ஆயில் மாதிரி. பெட்ரோலில் அந்த வழுவழுப்பு இல்லை. பம்ப் உரசித் தேய்ந்து, உலோகத் துகள் இன்ஜெக்டர் வரை போகும்.

ஃபில்டர் அடைத்தாலும், தண்ணீர் கலந்தாலும் வண்டி இழுக்காதே, எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபில்டரின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் தண்ணீர் அடியில் தங்கும். பெட்ரோல் பிரியாது, டீசலோடு கலந்தே நிற்கும். அங்கே கண் ஏமாந்துவிடும். வாசனையும் அடர்த்தியும்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம், பெட்ரோல் சுமார் 740 கிராம். அடர்த்தி பார்க்கும் கருவி பங்க்கிலேயே இருக்கும், கேட்டுப் பார்க்கலாம்.

சந்தேகம் வந்த பிறகு "இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்பதுதான் விலை உயர்ந்த முடிவு நண்பர்களே! சாவியைத் தொடாமல் டேங்க்கைக் காலி செய்து, பைப்பைச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்ற வேண்டும். பில்லும் அந்த பாட்டிலும் பத்திரம். நஷ்டம் கேட்கப் போகும்போது பேசப்போவது அவைதான்.